கறுப்புக் கட்டம் போட்ட வைரஸ்

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாள் என்று பிஸ்த்ராவைப் பற்றி முதலில் யார் சொன்னார்களோ, தெரியாது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூன் கடைசியில் கணிப்பு நிலையத்தின் மூன்று மாடியிலும் இதே பேச்சுதான். வைரஸை எழுதுவதும் அவளாம், மருந்து எழுதுவதும் அவளாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டே நாளில் எப்படி மருந்தோடு வந்து நிற்கிறாள்?

அவள் ஒன்றும் மந்திரக்காரி இல்லை. வயது நாற்பத்தாறு. சோபியாவில் நீர்த்தேக்கங்களின் கணக்குப் பார்க்கும் அந்த நிலையத்தில் பதினெட்டு வருஷமாக வேலை. யார் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும் அவர்களுடைய ஃபிளாப்பியை வாங்கி, உள்ளே இருப்பதைக் காகிதத்தில் அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்துவிடுவாள். கடைசி எழுத்து வரை படிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். சாப்பாட்டு மணி அடித்தாலும் சரி, கட்டடம் இடிந்தாலும் சரி. அந்தப் பிடிவாதம்தான் அவள் வித்தை. கூலியும் கிடையாது. யாராவது ஒரு பாட்டில் செர்ரிப்பழம் கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தடவை வந்த வைரஸ் எல்லோரையும் கலங்கடித்துவிட்டது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்க ஒரு கறுப்புக் கட்டம் வரும். நடுவில் 'ஆறு மாதம்' என்று இரண்டே வார்த்தை. பேர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒரு விசையைத் தட்டினால் போய்விடும், மறுநாள் காலையில் மறுபடி வரும். கறுப்புக் கட்டம் என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், சாவு அறிவிப்பு. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று வீட்டுக் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுகிறோமே, அதே கட்டம். ஆறு மாதத்தில் கம்ப்யூட்டருக்குள் இருப்பதெல்லாம் செத்துப்போகும் என்று ஜனங்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

மாடிப்படியில் சிகரெட் பிடிக்கிற கூட்டத்தில் ஆளுக்கொரு சாஸ்திரம். பிரிண்டர் ரிப்பேர் பார்க்கும் சாங்கோவுக்கு எல்லாம் தெரியும், எப்போதும்.

"இதெல்லாம் வேலை கிடைக்காத பசங்க பண்றதுன்னு பேப்பர்காரன் எழுதறான். நான் நம்பல," என்றான் சாங்கோ. "மருந்து விக்கிறவன்தான் நோயைப் பரப்புவான். குடை விக்கிறவன் கையில மழை இல்ல, அதனால சும்மா இருக்கான். வைரஸ் இவங்க கையில இருக்கு."

"பிஸ்த்ரா எங்கடா வித்தா? சும்மாதானே குடுக்கறா," என்றாள் ஸ்லாத்கா. இயக்குநர் அறை வாசலில் இருபது வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள்.

"இதுவரைக்கும் சும்மா. போன வாரம் டை கட்டிக்கிட்டு ரெண்டு புதுக் கம்பெனிக்காரங்க அவளைத் தேடி வரல? அவ புருஷனும் இப்படித்தான் இருந்தான். நெருப்பில்லாமப் புகையுமா?"

பிஸ்த்ரா அப்போது படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். தன்னைப் பற்றிச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போயிருப்பாள். புருஷனை இழுத்ததும் நின்றாள்.

"சாங்கோ, உன் பிரிண்டர் எல்லாம் மாசத்துக்கு ரெண்டு தடவை மக்கர் பண்ணுதே, அதை யார் பண்றா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஸ்லாத்கா சிரித்ததில் சிகரெட் கீழே விழுந்தது.

பிஸ்த்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அவள் புருஷன் காமென் அதே நிலையத்தில் அதே மேஜையில் வேலை பார்த்தவன். வைரஸைப் பிரித்துப் படிக்கிற வித்தையை ஊரிலேயே முதலில் கற்றுக்கொண்ட நாலைந்து பேரில் அவன் ஒருவன். எண்பத்தொன்பதில் ஒரு பொல்லாத வைரஸ் வந்தது. ஊரெல்லாம் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது இவன் மூன்றே நாளில் மருந்து எழுதி எல்லோருக்கும் கொடுத்தான். பாராட்டினார்களா? ஒரு வாரத்தில் இயக்குநர் மேஜைக்கு ஒரு கடிதம் போனது. 'மூன்று நாளில் ஒருவன் மருந்து கண்டுபிடிக்கிறான் என்றால் நோயையும் அவன்தான் உண்டாக்கியிருக்க வேண்டும்.' கீழே கையெழுத்து, அடுத்த நாற்காலியில் வேலை பார்த்த ஒர்லின்.

ஒர்லின் வெறும் சிநேகிதன் இல்லை. அவர்களுக்குக் கும், அதாவது கல்யாணத்துக்குச் சாட்சி நின்று சொந்தமானவன். கல்யாணத்தில் இருவர் தலைக்கு மேலும் கிரீடம் மாற்றிப் பிடித்தவன். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும், கும்மோடு பகைத்தால் ஊர் பயப்படும். அப்படிப்பட்ட உறவு. அவன் எழுதியதால்தான் எல்லோரும் நம்பினார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் பொய் சொல்வானா என்றார்கள்.

காமெனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிராம் பட்டறையில் காவல் வேலைக்குப் போனான். இந்த ஜனவரி ஒன்பதாம் தேதி, பால் வாங்க வரிசையில் நின்றவன் அப்படியே சரிந்தான். சவப்பெட்டியின் மேல் கைவைத்து, ஒர்லினோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று பிஸ்த்ரா சத்தியம் பண்ணினாள். ஒர்லினும் அதற்குள் வேலையை விட்டு எங்கோ போய்விட்டிருந்தான். அவனிடமிருந்து ஆறு கடிதம் வந்தது. ஆறையும் பிரிக்காமல் தபால்காரனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது இந்தக் கறுப்புக் கட்டம்.

திங்கட்கிழமை அச்சடித்து வைத்துக்கொண்டு படித்தபோது அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வைரஸ் எதையும் அழிக்கவில்லை. எந்தக் கோப்பையும் தொடவில்லை. உள்ளே ஒரு தேதிக் கணக்கு மட்டும் இருந்தது. 1991 ஜனவரி 9. அதோடு ஆறு மாதத்தைக் கூட்டு. ஜூலை ஒன்பது, செவ்வாய். அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் போ, சனிக்கிழமை வரும் வரை. ஜூலை ஆறு. அந்த நாள் முடிந்ததும் உன்னை நீயே துடைத்துக்கொள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். நினைவுச் சடங்கைத் தள்ளிப்போடக் கூடாது, அந்த நாளுக்கு முந்தைய சனிக்கிழமையே செய்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எந்தக் கொள்ளைக்காரன் சனிக்கிழமை பார்த்து வைரஸ் எழுதுவான்? இது மிரட்டல் இல்லை. யாரோ காமெனுக்குத் திதி கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் அவன் சாவை வைத்து யாரோ கேலி பண்ணுகிறார்கள். கேலி என்றே அவளுக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். பருஷேவ் புது மனிதர், கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு வந்தவர். யாரைத் தோழர் என்பது, யாரைத் திருமதி என்பது என்று இன்னும் பழகவில்லை.

"உக்காருங்க தோழர்... அதாவது, திருமதி பிஸ்த்ரா. மந்திரி ஆபீஸ்ல இருந்து ரெண்டு தடவை போன் வந்தாச்சு. எல்லாம் அழிஞ்சுடுமாமே?"

"ஒண்ணும் அழியாது. ஜூலை ஆறு, சனிக்கிழமை. அது முடிஞ்சதும் தானே காணாமப் போயிடும்."

"அது எப்படி உங்களுக்கு இவ்வளவு துல்லியமாத் தெரியும்?"

"படிச்சேன்."

"எழுதினவங்களுக்கும் தெரியும், இல்லையா?"

நல்ல மனிதர்தான் அவர், கொடுமைக்காரர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

"நான் சொல்லலம்மா, எல்லாரும் சொல்றாங்க. பழைய பைலைப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் மேலேயும் இதே புகார். வெள்ளிக்கிழமைக்குள்ள இதை எழுதினது யாருன்னு பேரைக் கொண்டு வாங்க. இல்லைன்னா ராஜினாமாக் கடிதத்தை ஸ்லாத்கா தட்டச்சு பண்ணி வச்சிருப்பா."

வேலை போனால் போகட்டும், பிஸ்த்ராவுக்கு அது பெரிதில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே வைரஸ் வியாபாரிகள் என்று பைலில் நிரந்தரமாக ஏறிவிடும். காமென் செத்தும் கெட்ட பேரோடு கிடப்பான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்து மிச்சத்தை எடுத்துப் படித்தாள். வைரஸின் வால் பகுதியில் அர்த்தமில்லாத எழுத்துகளாக ஒரு பக்கம் கிடந்தது. கலைத்துப் போட்டிருந்தான் யாரோ. கலைத்த கணக்கு சின்னப்பிள்ளைக் கணக்கு, மறைக்க நினைத்தவன் செய்த காரியமே இல்லை. பத்து நிமிஷத்தில் எழுத்துகள் வரிசைக்கு வந்துவிட்டன. முதல் வார்த்தை அவளுடைய பேர்.

'பிஸ்த்ரா, நான் எழுதும் கடிதங்களை நீ பிரிக்கமாட்டாய். இதைப் பிரிப்பாய். கடைசி எழுத்து வரை படிப்பாய் என்றும் தெரியும். எண்பத்தொன்பதில் வந்ததைக் காமென் எழுதவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். அவனுக்கு மூன்று நாள் ஆனது. அதே காகிதத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன், பாதிகூடப் புரியவில்லை. அவனே எழுதியிருந்தால்தான் அது சாத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல உண்மை மாதிரி ஆகிவிட்டது. அவனுக்காக நீ ஒட்டிய அறிவிப்பில், துக்கப்படுகிறவர்கள் வரிசையில் கும்மின் பேர் இல்லை. நியாயம்தான். எனக்கு ஒட்டுவதற்குக் கதவு இல்லை, அதனால் இங்கே ஒட்டினேன். கட்டத்தில் அவன் பேரைப் போட எனக்குத் தைரியமில்லை. ஒர்லின்.'

பிஸ்த்ரா அழுதாள். அடக்கிக்கொண்டெல்லாம் இல்லை, மேஜையில் தலைகவிழ்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஸ்லாத்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"பாவி," என்றாள் பிஸ்த்ரா காகிதத்திடம். "இதை ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

கோபத்துக்குள்ளேயே ஏதோ ஒன்று இளகிவிட்டது, அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசி எழுத்து வரை படிப்பாய் என்று எழுதியிருந்தானே! காமெனுக்கு அடுத்து அவளை அவ்வளவு தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள், நேரே இயக்குநரிடம் கொண்டுபோய்ப் போடலாமென்று. பாதி வழியில் கால் நின்றுவிட்டது. இதைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? உன் புருஷனுக்கு நீயே நற்சான்று எழுதிக்கொண்டாயா என்பார்கள். வைரஸுக்குள் யார் பேரை வேண்டுமானாலும் யாரும் எழுதலாம். ஒர்லின் மனசாரச் செய்த காரியம் அவள் கழுத்துக்கே கயிறாக வந்து நின்றது. கெட்டிக்காரன் மாதிரி யோசிக்கத் தெரிந்த மடையன், எப்போதும் அப்படித்தான்.

அவன் வாயால் சொன்னால்தான் உண்டு. அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? திருப்பி அனுப்பிய உறைகளின் பின்பக்கத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. போதாக்குறைக்குச் சவப்பெட்டி மேல் பண்ணின சத்தியம் வேறு. அவன் எந்த வழியாக வந்தானோ அந்த வழியாகவே பதில் போகட்டும் என்று தீர்மானித்தாள். தான் எழுதிய வைரஸுக்கு மருந்து வந்தால் முதலில் வாங்கிப் போட்டுப் பார்ப்பவன் எழுதியவன்தான். இந்தத் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அன்று சாயங்காலத்துக்குள் மருந்தை எழுதி முடித்தாள். கறுப்புக் கட்டத்தைத் துடைத்த பிறகு அது திரையில் ஒரு வரி காட்டும்.

'கும், இது செல்லாது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவனிடம் வா. வாயால் சொல்.'

ஃபிளாப்பி கைமாறிக் கைமாறிப் போனது. புதன்கிழமைக்குள் ஊரில் பாதி ஆபீஸில் அந்த வரி வந்துவிட்டது. யார் அந்தக் கும், எங்கே போகணும், என்ன சொல்லணும் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. தன் கும்மோடு சண்டை போட்டிருந்த நாலு பேர் பயந்துபோய்ச் சமாதானமே பண்ணிக்கொண்டார்களாம். சாங்கோவுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா, கூட்டாளி இருக்கான்! அவளே கூப்பிடறா!" என்று மாடிமாடியாகப் போய்ச் சொன்னான்.

ஸ்லாத்காவுக்கு மட்டும் அந்தக் கும் யாரென்று தெரியும். அந்தக் கல்யாணத்தில் ஆடியவள் அவள். பிஸ்த்ராவின் மேஜையில் காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

"வருவானாடி?"

"தெரியல."

"வரலைன்னா?"

"நீ தட்டச்சு பண்ணி வச்சதுல கையெழுத்துப் போடறேன். எழுத்துப்பிழை இல்லாமப் பண்ணு."

"போடி," என்றாள் ஸ்லாத்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை பருஷேவ் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தார்.

"பேரைக் கேட்டேன், நீங்க ஊர் முழுக்க விடுகதை போட்டிருக்கீங்க."

"ஒரே ஒரு நாள் குடுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கல்லறைக்கு வாங்க, என் வீட்டுக்காரருக்கு ஆறு மாசம். ஆள் வந்தா அங்கேயே பார்க்கலாம். வரலைன்னா திங்கக்கிழமை கையெழுத்துப் போடறேன்."

திதிக்குக் கூப்பிட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. பருஷேவ் தலையைச் சொறிந்துகொண்டு வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை நல்ல வெயில். பிஸ்த்ரா விடியற்காலையிலேயே கோதுமையை வேகவைத்து ஆறவிட்டு, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து எடுத்து வந்திருந்தாள். நிலையத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சாங்கோவும் வந்திருந்தான், வேடிக்கை பார்க்க. பாதிரியார் மந்திரம் சொல்லி, கல்லறை மேல் ஒயின் ஊற்றி, போய்விட்டார். பதினொன்றேகால் ஆனது. பதினொன்றரை ஆனது. பருஷேவ் கடிகாரத்தைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதுமாக நின்றார். பிஸ்த்ரா பாதைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயம். மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டான்," என்றாள் ஸ்லாத்கா.

ஒர்லின் பாதையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தான், எவ்வளவு நேரமாக நின்றானோ. தலை முழுக்க நரைத்துவிட்டது. கோட்டு இரண்டு ஆள் போடலாம் போலத் தொங்கியது. கையில் எட்டுப் பூ, செத்தவருக்கு இரட்டைப்படையில்தான் வைப்போம். கிட்டே வந்து கல்லின் மேல் வைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல், கல்லில் பதித்திருந்த காமெனின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எண்பத்தொம்பதுல இவன் மேல புகார் எழுதிக் குடுத்தது நான். அது பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும். என்னால முடியாததை இவன் மூணு நாள்ல பண்ணிட்டான், அது எனக்குத் தாங்கல. வேற எந்தக் காரணமும் இல்ல. இந்தக் கறுப்புக் கட்டமும் நான் எழுதினதுதான். பிஸ்த்ராவுக்கு அதுல சம்பந்தமே இல்ல. இதுவரைக்கும் நான் எழுதின வைரஸ் அது ஒண்ணுதான். இதை எங்க எழுதித் தரணுமோ சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

பருஷேவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை வாங்க," என்றார் மெதுவாக. "ரெண்டு பைலையும் திருத்தணும்." பிறகு பிஸ்த்ராவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, தோழரா திருமதியா என்று தெரியாமல், குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாங்கோ தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வார்த்தைகளைக் கேட்கத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள் பிஸ்த்ரா. கேட்டதும் குளிர்ந்துபோகும், ஆடவேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. காமென் இதைக் கேட்காமல் போய்விட்டானே என்றுதான் இருந்தது. எதிரில் நிற்பவன் சாப்பிட்டு எத்தனை நாள் ஆனதோ என்றும் இருந்தது. அவன் மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது, அவள் விரும்பாமலே.

ஒரு காகிதக் கோப்பையில் கோதுமையை அள்ளிப் போட்டு அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். திதிக் கோதுமையை வாங்குகிறவர்கள் 'கடவுள் இவரை மன்னிக்கட்டும்' என்று செத்தவருக்காகச் சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். அவனுக்கு வாய் வரவில்லை.

"சொல்லு," என்றாள் பிஸ்த்ரா. சத்தியம் பண்ணிய பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இவனை மன்னிக்க என்ன இருக்கு பிஸ்த்ரா?"

"ஒண்ணும் இல்ல. இருந்தாலும் சொல்லு. இவனுக்குக் கேக்கற மன்னிப்பு அப்படியே மிச்சமா நிக்கும். அதை நீ எடுத்துக்கோ."

ஒர்லின் சொன்னான். பிறகு கோதுமையை வாயில் போட்டுக்கொண்டான்.